வழி தவறியது கன்றா, வயலா?

மட்டக்களப்பு மாவட்டத்தின் மேற்கெல்லையிலே, மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சற்றரைகளிலே, தாயைப் பிரிந்த கன்றுகள் பற்றைகளுக்குள் கிடந்து மடிகின்றன என்றால், "கன்றைக் காக்கத் தெரியாத பண்ணையாளரின் கவலையீனம்" என்று கையை விரித்துவிடுவது சிலருக்கு இலகுவாயிருக்கிறது. அந்தக் கூற்றை நாம் முற்றாக மறுக்கின்றோம்.

பசுவின் இயல்பை அறிந்தவர்கள் இவ்வாறு பேசமாட்டார்கள். ஈன்ற பசு முதற் சில நாட்கள் தன் கன்றைப் பற்றைக்குள் மறைத்துவிட்டு மேயச் செல்லும். மடி கனத்ததும் அவ்விடத்துக்கே திரும்பி வரும். தாய் வரும்வரை கன்று அசையாது கிடக்கும். பிறந்த முதல் நாளுக்குள் கடும்புப்பால் குடியாத கன்றுக்கு நோயை எதிர்க்கும் வலு இல்லை. கன்று முட்டாமல் நாட்டுப் பசு பாலையும் சுரந்து கொடாது. ஆகவே, தாய் கண்ணியில் வீழ்ந்தாலும், வெடியோசைக்கு அஞ்சிப் பட்டி சிதறினாலும் ஒரு கன்று மட்டும் அழிவதில்லை. அந்தப் பருவத்துப் பாலும், அப்பாலை நம்பிய குடும்பத்தின் அடுப்பும் சேர்ந்தே அணைகின்றன.

இந்த மாடுகள் ஏன் அங்கே செல்கின்றன? பெரும்போகம் தொடங்குமுன் கமக்காரரும் அதிகாரிகளும் ஆரம்பக் கூட்டத்திலே கூடித் தேதி குறிக்கின்றார்கள். அத்தேதிக்குள் வயல்நிலங்களை விட்டு மாடுகள் அகற்றப்பட வேண்டும். நெல் விளைய வேண்டுமானால் மாடு விலக வேண்டும். மாடு விலகுவதற்கு மேய்ச்சற்றரை வேண்டும். கமக்காரனும் பண்ணையாளனும் ஒரே ஏரின் இரு எருதுகள். மேய்ச்சற்றரை பறிபோனால் பட்டி வயலுக்குத் திரும்பும். வயல்காரனுக்கும் பட்டிக்காரனுக்கும் பகை மூளும். அந்தப் பகையிலே குளிர்காய்வோர் யார் என்பதை நமது கமக்காரர் சிந்திக்க வேண்டும்.

கால்நடை அத்துமீறல் கட்டளைச் சட்டம் 1876ஆம் ஆண்டிலே பிறந்தது. பிறர் நிலத்தில் புகுந்த மாட்டைப் பிடிக்கவும், அழிவுக்கு நட்டஈடு கோரவும் அது வழி செய்கிறது. நன்று. ஆனால் மாட்டின் நிலத்தில் வயல் புகுந்தால் யாரைப் பிடிப்பது? தலைமுறை தலைமுறையாகப் பட்டிகள் மேய்ந்த தரையிலே, வெளிமாவட்டங்களிலிருந்து வந்தோர் அனுமதியின்றி உழுது விதைத்துவிட்டு, அங்கே வழமைபோல் மேயும் பசுவை "அத்துமீறியது" என்பது எந்த நீதி? அத்துமீறியது வயலேயன்றிக் கன்று அன்று. கண்ணி வைக்கவும், வெடி வைக்கவும் அந்தச் சட்டம் எவருக்கும் உரிமை வழங்கவில்லை.

2023 செப்டெம்பரிலே பண்ணையாளர் சித்தாண்டியில் அறப்போராட்டம் தொடங்கினர். மாடுகள் சுடப்படுகின்றன, வெட்டப்படுகின்றன என்று முறையிட்டனர். அடுத்த மாதம் அப்போதைய ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க மட்டக்களப்புக்கு வந்தபோது வீதியில் நின்று நீதி கேட்டனர். பேச்சுக்கள் நடந்தன, உறுதிமொழிகள் வந்தன. ஓராண்டு கடந்தும் போராட்டப் பந்தல் கலையவில்லை. உறுதிமொழியின் பெறுமதிக்கு வேறு சான்றும் வேண்டுமோ?

1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தம் கால்நடை வளர்ப்பை மாகாண அதிகாரப் பட்டியலிலே சேர்த்தது. மாடு மாகாணத்துக்கு, மாடு மேயும் நிலமோ மகாவலி அதிகாரசபைக்கு! பசுவைக் கொடுத்துப் புல்லைப் பறிக்கும் இந்தப் பகிர்வுக்கு அதிகாரப் பரவலாக்கம் என்று பெயர். கிழக்கு மாகாண சபையின் ஆயுளும் 2017 செப்டெம்பருடன் முடிந்தது. அதன்பின் வாக்குப் பெற்றவர் எவரும் அங்கே எமக்காகக் கேள்வி கேட்க இருக்கவில்லை.

சிங்கள ஏழைக் கமக்காரனுடன் எமக்குப் பகையில்லை. அவனுக்கு நிலம் வேண்டுமானால் அதனை வழங்குவது அரசின் கடமை. அந்தக் கடமையை எமது பட்டிகளின் புல்லிலே கழிக்க நாம் இணங்கமாட்டோம்.

அநுராதபுரத்தை ஆண்ட எல்லாளன், தன் மகனின் தேர்ச்சில்லில் கன்றை இழந்த பசுவின் மணியோசை கேட்டு, மகனுக்கும் அதே தண்டனையை விதித்தான். இதைச் சொல்வது தமிழ் நூல் மட்டுமன்று, மகாவம்சமும் சொல்கிறது. தமிழரசனின் நீதியைத் தம் வரலாற்று நூலிலே பொறித்து வைத்திருப்போரைப் பார்த்துக் கேட்கின்றோம்: இன்று அந்த மணி எங்கே?

மேய்ச்சற்றரைகளின் எல்லையை அளந்து வர்த்தமானியிலே அறிவியுங்கள். அனுமதியற்ற பயிர்ச்செய்கையை அகற்றுங்கள். கொல்லப்பட்ட ஒவ்வொரு மாட்டுக்கும் விசாரணை நடத்துங்கள். இவை எமது கோரிக்கைகள்.

எம்மவர்க்கும் ஒரு சொல். பண்ணையாளரே! இழந்த ஒவ்வொரு பசுவையும் கன்றையும், நாள், இடம், குறி ஆகியவற்றோடு எழுதி வையுங்கள். பொலிஸ் முறைப்பாட்டின் பிரதியைத் தவறாது பெறுங்கள். கண்ணீரை நீதிமன்றம் பதிவு செய்யாது. கடதாசியையே பதிவு செய்யும். சட்டத்தரணிகளே, கற்றோரே! அந்தக் கடதாசிகளைக் கையேற்று வழக்காக்குவது உங்கள் கடன். நகரத்திலே பால் அருந்தும் ஒவ்வொருவரும் அந்தப் பட்டிகளுக்குக் கடன்பட்டவரே. அக்கடனைத் தீர்க்க முன்வாருங்கள்!