நன்னடத்தையும் லாபவேட்டையும்

2014-ல் பிரிட்டிஷ் சர்க்கார் இங்கிலாந்து, வேல்ஸ் நன்னடத்தைக் கண்காணிப்பு இலாகாவை இரண்டாகப் பிளந்தது. பெரும் அபாயக்காரர் எனக் கணித்தோரைத் தானே வைத்துக்கொண்டு, ஏனையோரை 21 கம்பெனிகளாக்கி மறு ஆண்டே தனியாரிடம் ஒப்படைத்தது. மறுபடி குற்றம் குறைந்தால் கூடுதல் பணமாம்!

அபாயமென்பது நெற்றியில் குத்திய முத்திரையா? வேலை போனால், வீடு போனால், குடி மிஞ்சினால் அதுவும் ஏறும். முகம் பார்த்துப் பழகும் அதிகாரிக்கே அது தெரியும். கம்பெனிகளோ செலவை மிச்சம்பிடித்தன. ஆறு வாரத்துக்கொரு டெலிபோன் பேச்சே சிலருக்குக் கண்காணிப்பாயிற்றென்று 2017-ல் சர்க்கார் இன்ஸ்பெக்டர்களே எழுதினர்.

ஊழியர் சங்கம் 2013-லேயே வேலைநிறுத்தம் செய்து எச்சரித்தது. கேட்டார்களா? 2021 ஜூனில்தான் எல்லாம் சர்க்கார் வசம் திரும்பிற்று. இடையில் மனம் சலித்து வெளியேறிய அனுபவசாலிகளை இனி எங்கே தேடுவார்கள் என்று நாம் கேட்கிறோம்.