தமக்கையும் தங்கையும்

ஒரு வயிற்றில் பிறந்த பெண்கள் இருவர் வேறுபட்டு நின்றால், "பிறவிக் குணம்" என்று சொல்லி முடித்துவிடுகிறோம். மூத்தவளின் படிப்பை நிறுத்தி அடுப்படியில் விட்டவர்களே பிறகு, "அவளுக்குப் படிப்பில் நாட்டமில்லை, சின்னவள்தான் சூட்டிகை" என்பார்கள்! "லதா மங்கேஷ்கர் அடக்கம், ஆஷா போஸ்லே துள்ளல்" என்று நம் விடுதி நண்பர்கள் வழங்கும் தீர்ப்பும் இந்த வகையைச் சேர்ந்ததே. இதை நான் ஒப்பேன்.

இருவருக்கும் முதல் ஆசான் தந்தை தீனநாத் மங்கேஷ்கர்தான். 1942-ல் அவர் மறைந்தபோது லதாவுக்குப் பதின்மூன்று வயதுகூட நிறையவில்லை; குடும்ப பாரம் அவர் தலையில் விழுந்தது. ஆஷாவோ பதினாறாம் வயதில், வீட்டார் விருப்பத்தை மீறி மணம் செய்துகொண்டார். பின்னர் பிள்ளைகளை வளர்க்க அவரும் பாடித்தான் பிழைக்க வேண்டியிருந்தது. கதாநாயகியின் பாட்டுகள் பெரும்பாலும் தமக்கையிடம் போயின. தமக்கை விரும்பாத கேளிக்கை விடுதி நடனப் பாட்டுகள் தங்கையிடம் வந்தன. வந்ததை அவர் பாடினார். நாம் அதற்குக் குணம் என்று பெயரிட்டோம். துள்ளல்தான் பிறவி என்றால், 1981-ல் வந்த 'உம்ராவ் ஜான்' படத்தில் கஜல் பாடி தேசிய விருது பெற்றாரே, அந்த அமைதி எங்கிருந்து வந்தது?

தமிழுக்கே வருவோம். 'எங்க ஊரு பாட்டுக்காரன்' (1987) படத்தில் 'செண்பகமே' என்று உருகுபவர் தங்கை. மறு ஆண்டு 'சத்யா'வில் 'வளையோசை' என்று கொஞ்சுபவர் தமக்கை. நண்பர்களே, இதில் அடக்கம் யார், துள்ளல் யார்?