நாலு மீட்டர் நீளம் சரி, அகலம் எவ்வளவு?

போன மாதம் பௌர்ணமி அன்று எங்கள் சந்தில் பக்கத்து வீட்டுப் பெரியவர் மயங்கி விழுந்துவிட்டார். 108-க்குப் போன் செய்தோம். வண்டி சீக்கிரமே வந்தது, குறை சொல்லக் கூடாது. ஆனால் சந்து முனையோடு நின்றுவிட்டது. உள்ளே ஒரு வீட்டு வாசலில் ஆள் உயரப் புதுக் கார் ஒன்று நின்றிருந்தது. அதன் சொந்தக்காரர் கிரிவலம் போயிருந்தார், சாவியும் அவரோடு பதினான்கு கிலோமீட்டர் சுற்றிக்கொண்டிருந்தது. பெரியவரை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து நாலு பேர் தூக்கிப் போனார்கள். எனக்கு எழுபத்தைந்து ஆகிறது, அதனால் அவருடைய செருப்பைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். நல்லவேளை, பிழைத்துக்கொண்டார். இப்போது திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார்.

மறுநாள் டேப் எடுத்துக்கொண்டு இறங்கினேன். குமாஸ்தா புத்தி போகுமா? சாக்கடை மூடிக்கும் எதிர்வீட்டுப் படிக்கும் நடுவே 13 அடி. வழியை மறித்த கார், பக்கக் கண்ணாடிகளை விட்டுவிட்டு, ஆறடி அகலம். அங்கே என்னுடைய மாருதி 800 நின்றிருந்தால் நாலே முக்கால் அடி. ஆம்புலன்ஸ் உள்ளே வருவதற்கும் வராமல் போவதற்கும் அந்த ஒன்றேகால் அடிதான் வித்தியாசம்.

என் மாப்பிள்ளைக்கு இந்த 800-ஐக் கண்டாலே ஆகாது. "இன்னும் இதையா ஓட்டிக்கிட்டிருக்கீங்க மாமா? வித்துட்டு பெரிய வண்டியா ஒண்ணு எடுங்க, கௌரவமா இருக்கும்" என்பார். 1998 மாடல், 2003-ல் பி.எஃப். பணம் எடுத்து செகண்ட் ஹேண்டாக வாங்கியது. கலெக்டர் ஆபீசில் வாகன லாக் புக் பார்த்தவன் நான். அங்கே பெரிய அதிகாரிகளின் அம்பாசிடர்தான் பிரம்மாண்டம். 4.3 மீட்டர் நீளம், 1.66 மீட்டர் அகலம். இன்றைய கிரெட்டாவும் ஏறக்குறைய அதே நீளம்தான், ஆனால் அகலம் 1.79. அதிகாரி காரைவிட அகலமான காரில் இன்று நாம் பால் வாங்கப் போகிறோம்.

கம்பெனிக்காரர்களைக் கேட்டால், "ஜனங்க சின்ன கார் கேட்கறதில்லை, நாங்க என்ன பண்றது" என்கிறார்கள். மாருதி 800 2014-ல் நின்றது. நானோ 2018-ல். சென்னைக்குப் பக்கத்தில் செய்த சான்ட்ரோ 2022-ல். ஆல்டோ 800 அடுத்த வருடம். கடையில் வைக்காத சரக்கை ஜனங்கள் எப்படிக் கேட்பார்கள்? சின்ன காருக்கு ஆசைப்படுகிறவர்கள் இன்னும் பைக்கிலேயே இருக்கிறார்கள், விலைதான் அவர்களுக்கு எட்டவில்லை என்று மாருதியின் தலைவர் பார்கவாவே பலமுறை சொல்லிவிட்டார்.

ஆனால் என் கோபம் கம்பெனிகள் மேல் பாதிதான். மீதிப் பாதி அளவுகோல் மேல். சின்ன கார் எது என்று 2006 பட்ஜெட்டில் ஒரு வரையறை வந்தது. நீளம் நாலு மீட்டருக்குள், பெட்ரோல் என்றால் 1200 சி.சி.க்குள், டீசல் என்றால் 1500-க்குள். அதற்கு வரி குறைவு. ஜி.எஸ்.டி.யிலும் அதே கோடுதான். 2025 செப்டம்பர் 22 முதல் கோட்டுக்கு உள்ளே இருந்தால் 18 சதவீதம், வெளியே போனால் 40. நல்ல சலுகைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் அகலம் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. எடையும் இல்லை, உயரமும் இல்லை. கம்பெனிக்காரன் சும்மா இருப்பானா? நீளத்தை 3.99-ல் வெட்டிவிட்டு, பக்கவாட்டிலும் மேலேயும் வளர்த்துவிட்டான். நெக்ஸான் 1.8 மீட்டர் அகலம். ஆல்டோ கே10 ஒன்றரை மீட்டருக்கும் ஒரு பொடி குறைவு. பெட்ரோல் வண்டியாக வாங்கினால் சட்டத்தின் கண்ணில் இரண்டும் ஒரே 'சின்ன கார்'தான்.

ஜப்பான்காரன் இதை என்றைக்கோ யோசித்துவிட்டான். அங்கே 'கேய்' கார் என்று ஒரு வகை உண்டு. நீளம் 3.4 மீட்டர், அகலம் 1.48 மீட்டர், என்ஜின் 660 சி.சி. இதைத் தாண்டினால் சலுகை கிடையாது. அங்கே விற்கும் கார்களில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று இந்த ரகம். நம் 800-ம் அந்தக் குடும்பத்துப் பிள்ளைதான். அதை இங்கே கூட்டிவந்து, 1983-ல் இந்திரா காந்தி கையால் சாவி கொடுத்துக் கொண்டாடினோம். அளவுகோலை மட்டும் அங்கேயே விட்டுவிட்டோம்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சில் படித்தவன். சர்க்கார் உத்தியோகத்தில் அந்த பிரெஞ்சு ஒருநாளும் எனக்குச் சோறு போட்டதில்லை, இதை எழுதத்தான் உதவுகிறது. பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருவரிடம் சிட்ரோயன் 'தெ ஷ்வோ' இருந்தது. 'இரண்டு குதிரை' என்று அர்த்தம், வரிக் கணக்குக் குதிரை. தகரக் கூரைபோல நெளிநெளியான முன்மூடி, சுருட்டி வைக்கும் துணிக் கூரை. நாங்கள் நத்தை என்று கேலி செய்வோம். அதைச் செய்யச் சொன்ன முதலாளி என்ன கேட்டாராம் தெரியுமா? இரண்டு விவசாயி, ஐம்பது கிலோ உருளைக்கிழங்கு, ஒரு கூடை முட்டை. உழுத நிலத்தில் ஓட்டினாலும் முட்டை உடையக் கூடாது. 1948-ல் பாரிஸ் கண்காட்சிக்கு வந்தது, 1990 வரை செய்தார்கள். அகலம் 1.48 மீட்டர். யாருக்கு வண்டி, எந்த வழியில் போகும் என்று முதலில் கேட்டிருக்கிறார்கள் பாருங்கள். அதே பாரிசில் 2024 பிப்ரவரியில் ஜனங்களிடம் வாக்கெடுத்து, வெளியூர்க் கனரகக் கார்களுக்குப் பார்க்கிங் கட்டணத்தை மூன்று மடங்கு ஆக்கினார்கள். நகர மையத்தில் மணிக்கு 18 யூரோ. ஓட்டுப் போட வந்தவர்கள் மிகக் கொஞ்சம், அது வேறு கதை.

இரண்டு விஷயம் ஒப்புக்கொள்கிறேன். என் வண்டியில் ஏர்பேக் கிடையாது, மோதினால் தகரம்தான். பழைய 800-ஐ அப்படியே திரும்பச் செய் என்று நான் கேட்கவில்லை. ஏர்பேக் வைத்து ஒன்றரை மீட்டருக்குள் ஒரு கார் செய், அதற்கு இன்னும் வரி குறை என்கிறேன். இரண்டாவது, என் சம்சாரத்துக்கு மூட்டுவலி. உயரமான சீட்டில் நேராக உட்கார்வது சுகம், 800-ல் குனிந்து இறங்குவதற்குள் அண்ணாமலையானைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. ஆனால் சீட்டு உயர்வதற்கும் கதவு அகலுவதற்கும் என்ன சம்பந்தம்? கேய் கார் இரண்டு மீட்டர் உயரம் வரை போகலாம்.

இதற்கு நடுவில் தண்டனை யாருக்கு? எனக்கு. 2018-ல் ஆர்.சி. புதுப்பிக்க 600 ரூபாய் கட்டினேன். 2023-ல் 5,000. இருபது வயது தாண்டிய காருக்கு இப்போது 10,000 என்கிறார்கள். பழசு புகை விடும் என்பது காரணம். விடுகிறதா என்று மீட்டர் வைத்துப் பார்த்து, விட்டால் நிறுத்துங்கள், நானே காயலான் கடைக்கு ஓட்டிப்போய் விடுகிறேன். வயதைப் பார்க்கிறவர்கள் வாசலில் நிற்கும் ஆறடியையும் பார்க்க வேண்டாமா?

மாட வீதியில் பெரிய தேர் வருடத்துக்கு ஒருநாள் வருகிறது. அதற்குக் கட்டையும் உண்டு, கயிறும் உண்டு, முன்னால் வழி விலக்க ஆளும் உண்டு. பௌர்ணமிக்குப் பௌர்ணமி வரும் இந்தத் தேர்களுக்கு ஒன்றும் இல்லை. திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்கு ஒரு மனு தயார் செய்திருக்கிறேன். பன்னிரண்டு அடிக்குக் குறைவான அகலம் மிஞ்சும் சந்துகளில் பௌர்ணமி அன்று வெளி வண்டி நிறுத்தக் கூடாது, முனையில் பலகை வேண்டும். சந்தின் அளவுகளை இணைப்பாக வைத்திருக்கிறேன். பெரியவர் முதல் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.