கச்சேரி முடிந்த பிறகு ஆரம்பிக்கும் வேலை

திருவிழாவில் மெல்லிசைக் கச்சேரி பார்க்கப் போனால், ஒரு தடவை மேடைக்குக் கீழேயும் பாருங்கள். ஓரமாக ஓர் இரும்புப் பெட்டி இருக்கும். பாடகர் மைக், தபேலா மைக், கீபோர்டு, கிட்டார் என்று எல்லா ஒயரும் அதில் வந்து செருகியிருக்கும். அந்தப் பெட்டியிலிருந்து கட்டைவிரல் பருமனில் ஒரு கறுப்புக் கேபிள் கிளம்பி, நாற்காலிகளுக்கு நடுவே ஊர்ந்து, கூட்டத்துக்குப் பின்னால் இருக்கும் மிக்ஸர் மேஜைக்குப் போய்ச் சேரும். மைக் செட்காரர்கள் இதை மல்ட்டிகோர் என்பார்கள். ஆங்கிலத்தில் இதற்கு 'ஸ்நேக்' என்று ஒரு செல்லப்பெயர். பொருத்தமான பெயர்தான்!

வெளியில் பார்த்தால் ஒரே கேபிள். உள்ளே? 24 சேனல் கேபிள் என்றால், ஒவ்வொரு சேனலுக்கும் இரண்டு மெல்லிய செம்புக் கம்பிகள், அவற்றைச் சுற்றி ஓர் உறை. 50 மீட்டர் நீளம் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள். 24 × 2 × 50. மொத்தம் 2,400 மீட்டர், அதாவது இரண்டரை கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு சேனலுக்கு ஒரு முனையில் மூன்று பற்றவைப்பு என்றால், இரண்டு முனைகளிலும் சேர்த்து 144 இடங்களில் ஈயம் வைத்திருக்கிறார்கள். அதில் ஒன்று விட்டுப்போனாலும் யாரோ ஒருவரின் குரல் காணாமல் போகும்.

ஒரு சேனலுக்கு ஏன் இரண்டு கம்பிகள் என்று கேட்கலாம். மைக்கிலிருந்து வரும் மின்சாரம் சில மில்லிவோல்ட்தான். அவ்வளவு பலவீனமான சங்கதி, ஜெனரேட்டர் ஒயரும் சீரியல் லைட்டும் ஓடும் பந்தலைத் தாண்டிப் போகவேண்டும். அதனால் ஒரே ஒலியை இரண்டு கம்பிகளிலும் அனுப்புகிறார்கள், ஒன்றில் ஏறும்போது மற்றதில் இறங்கும்படி. வழியில் ஏறிக்கொள்ளும் இரைச்சல் இரண்டிலும் ஒரே மாதிரி ஏறும். மிக்ஸர் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கொள்ள, இரைச்சல் தானாகக் கழிந்துவிடுகிறது. இந்தக் கணக்கு சரியாக வர இரண்டு கம்பிகளும் ஒழுங்காக இருக்கவேண்டும். ஒன்று அறுந்தால் குரல் மெலியும், 'ம்ம்ம்' என்று ஒரு ரீங்காரம் நுழையும். உறை அறுந்தால் வேறு வம்பு. வயலின், புல்லாங்குழலுக்கு வைக்கும் கண்டென்ஸர் மைக்குகளுக்கு மிக்ஸரிலிருந்து 48 வோல்ட் இதே ஒயர் வழியாகத்தான் போகிறது. அது திரும்பிவர வழியில்லாமல் மைக் மௌனமாகிவிடும்.

சரி, இந்தக் கம்பி எப்போது அறுகிறது? கச்சேரி நடக்கும்போது என்றுதான் எல்லோரும் நினைப்போம். அப்போது கேபிள் பாட்டுக்குப் படுத்துக் கிடக்கிறது. அதற்குக் கெட்ட நேரம் ராத்திரி ஒரு மணிக்கு மேல். மங்களம் பாடி முடித்ததும் கமிட்டிக்காரர்கள் ஜெனரேட்டரை நிறுத்திவிடுவார்கள். வேன் டிரைவர் ஹாரன் அடிப்பார். காலையிலிருந்து ஸ்பீக்கர் தூக்கிய பையன்கள் செல்போன் வெளிச்சத்தில், நின்ற இடத்திலிருந்தே கேபிளை இழுத்து ஒரே பக்கமாகச் சுற்றித் தள்ளுவார்கள். சின்ன மைக் ஒயர் என்றால் உள்ளங்கைக்கும் முழங்கைக்கும் நடுவே இறுக்கிச் சுற்று. கேபிளின் ஆயுள் குறைவது அந்த அரைமணி நேரத்தில்தான்.

ஒரே பக்கமாகச் சுற்றினால் ஒவ்வொரு சுற்றுக்கும் கேபிள் ஒரு முழு முறுக்கு வாங்குகிறது. முப்பது சுற்று என்றால் முப்பது முறுக்கு. மேலே ரப்பர் உறை ஒன்றும் காட்டிக்கொள்ளாது. உள்ளே இருக்கும் மெல்லிய கம்பிகள் ஒன்றை ஒன்று இழுத்து, ஒவ்வோர் இழையாக விட்டுப்போகும். அடுத்த ஊரில் பிரிக்கும்போது கேபிள் நேராகப் படுக்காமல் துள்ளும். துள்ளிய இடத்தில் யாராவது கால் தடுக்கி விழுவார்கள்.

இதற்கு மருந்து ரொம்பச் சுலபம். முதல் வளையத்தைச் சாதாரணமாகப் போடவேண்டும். அடுத்த வளையத்துக்கு மணிக்கட்டை உள்பக்கம் திருப்பி, ஒயர் அடிவழியாக வரும்படி போடவேண்டும். மறுபடி சாதாரணம், மறுபடி திருப்பல். முதலில் ஏறிய முறுக்கை இரண்டாவது எடுத்துவிடும். 'ஓவர் அண்டர்' என்று உலகம் முழுக்க ஒலிக்காரர்கள் கற்கும் முதல் பாடம் இது. ஒரு நாள் மாலை பழகினால் கைக்கு வந்துவிடும். ஒரே ஓர் எச்சரிக்கை: முனை வளையங்களுக்குள் நுழைந்துவிடக் கூடாது. நுழைந்தால் பிரிக்கும்போது வரிசையாக முடிச்சு விழும். அதற்காகத்தான் முனையைச் சின்ன நாடாவால் கட்டி வைப்பது.

மல்ட்டிகோர் கனமானது. அதைக் கையில் பிடித்து இந்த வித்தை செய்ய முடியாது. தரையில் எட்டுப் போடவேண்டும். டூ வீலர் லைசென்சுக்குப் போடுவோமே, அதே எட்டுதான். ஒரு வளையம் வலப்பக்கம், அடுத்தது இடப்பக்கம் என்று போவதால் முறுக்கு தங்காது. ஒருவர் படுக்க வைக்க, இன்னொருவர் பின்னாலிருந்து கேபிளைத் தூக்கிக் கொடுத்தால் போதும். இழுக்கக் கூடாது. முக்கியமாக, முனையில் தலைவிரி கோலமாகத் தொங்கும் பின்களைப் பிடித்து இழுக்கவே கூடாது. அந்த 144 பற்றவைப்பில் பாதி அங்கேதான் இருக்கிறது. அவற்றைச் சேர்த்து ஒரு துணிப்பைக்குள் போட்டுக் கட்டுவது நல்லது. அடுத்த ஊரில் எந்த முனை முதலில் வேண்டுமோ அது மேலே வரும்படி முடிக்கவேண்டும்.

உருளை வைத்திருப்பவர்களுக்கு இந்த வேலை மிச்சம். முறுக்கு ஏறாது. உருளையைச் சுழற்றிச் சுற்றவேண்டுமே தவிர, உருளையை நிறுத்திவைத்துக் கேபிளைச் சுற்றிக்கொண்டு வரக் கூடாது. (வீட்டில் கரண்டுக்கு உருளை எக்ஸ்டென்ஷன் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஹீட்டர் போல அதிகக் கரண்ட் இழுக்கும் பொருளுக்கு அதை முழுக்கப் பிரித்துத்தான் பயன்படுத்தவேண்டும். சுற்றியபடியே விட்டால் சூடேறி உருகும். மைக் கேபிளுக்கு அந்தப் பயம் இல்லை.)

கேபிளைக் கட்ட நைலான் கயிறு வேண்டாம், இறுக்கிய இடத்தில் நசுங்கும். இன்சுலேஷன் டேப்பும் வேண்டாம், வெயிலில் பசை இளகிக் கேபிள் முழுக்க ஒட்டும். பழைய வேட்டிக் கரை ஒரு முழம் கிழித்தால் அதைவிட நல்ல கட்டு கிடையாது. மழையில் நனைந்திருந்தால் அன்றைக்கே பெட்டியில் பூட்டாமல், மறுநாள் நிழலில் பிரித்துப் போட்டு ஈரத்துணியால் துடைத்து உலர்த்தவேண்டும். அழுக்குப் போக பெட்ரோல், தின்னர் போட்டுத் துடைப்பவர்கள் உண்டு. உறை வெடித்துப்போக அதுவே வழி.

ஆடி மாதம் அம்மன் கோயில்கள் ஓய்ந்த பிறகு கேபிள் குடோனுக்குப் போகும். அங்கே வில்லன் எலி. அதன் முன்பற்கள் வளர்ந்துகொண்டே இருப்பதால் எதையாவது கடித்துத் தேய்த்தாகவேண்டும். சாப்பாட்டு எண்ணெய்க் கை பட்ட ஒயர் என்றால் கேட்கவே வேண்டாம். சிமெண்ட் தரையில் போடாமல் பலகை மேல், மூடியுள்ள பெட்டியில் வைப்பது நல்லது. சும்மா கிடக்கும் நாட்களில் மல்ட்டிமீட்டரை வைத்து ஒவ்வொரு சேனலாகப் பார்த்து, கெட்டதைப் பெட்டியின் மேலேயே எழுதி ஒட்டிவிடலாம். '7 கிடையாது' என்று ஒரு சீட்டு இருந்தால், அடுத்த ஊரில் பாடகரின் மைக்கை யாரும் ஏழில் செருக மாட்டார்கள். சின்ன ஊர் சவுண்ட் சர்வீஸ்காரருக்கு இது சாதாரண விஷயம் இல்லை. பாட்டு நடுவில் கரகரத்தால் பேசிய பணத்தில் பிடித்தம், அடுத்த வருடத் திருவிழா வேறொருவருக்கு.

அதனால் இதைப் படிக்கும் விழாக் கமிட்டிக்காரர்களிடம் ஒன்று கேட்கலாம். கச்சேரி முடிந்ததும் மேடைப் பக்கம் ஒரே ஒரு டியூப் லைட்டை அரைமணி நேரம் எரியவிடுங்கள். சவுண்ட் சர்வீஸ் முதலாளிகளிடம் கேட்பது கொஞ்சம் செலவானது: சாமான் இறக்கிய அதே பையன்களையே சுருட்டவும் விடாமல், அந்த நேரத்துக்கென்று இரண்டு பேரைத் தூங்கவைத்து எழுப்புங்கள்.

டிஜிட்டல் மிக்ஸர் வந்த பிறகு பல குழுக்களுக்கு மல்ட்டிகோர் சுமை போய்விட்டது. சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத ஒரே நெட்வொர்க் கேபிள், 100 மீட்டருக்குள் 32 சேனலையும் கொண்டுபோகிறது. உள்ளே மொத்தமே எட்டுக் கம்பிகள். ஆனால் அதை மடக்கி மிதித்தால் ஏழாம் நம்பர் மட்டும் போகாது, பாட்டு மொத்தமும் நின்றுவிடும். அதனால் விவரமான பையன்கள் எப்போதும் இரண்டு கேபிள் போடுகிறார்கள். ஒன்று பந்தலின் இந்தப் பக்கம், இன்னொன்று அந்தப் பக்கம்.