ரெண்டர்ல அடிக்கிற வெயில் வீட்டுக்குள்ள அடிக்குமா?

வீட்டு ரெண்டரிங் பழகற பசங்க யாரைப் பார்த்தாலும் ரெண்டே கேள்விதான். ஒண்ணு, "அண்ணே, எந்த கிராபிக்ஸ் கார்டு வாங்கலாம்?" ரெண்டு, "ரூம் இருட்டா வருது, லைட்டை எவ்வளவு ஏத்தணும்?" முதல் கேள்விக்குப் பதில் சுலபம். ரெண்டாவதுதான் விவகாரம். ஏன்னா ரெண்டர்ல இருட்டா வர்ற ரூம், பல நேரம் நெஜத்துலயும் இருட்டு ரூம்தான் :-)

கார்டு கதையை முதல்ல முடிச்சிடுவோம். பிளெண்டர்ல சைக்கிள்ஸ் வச்சு ரெண்டு பெட்ரூம் வீட்டோட உள்புறம் பண்றதுக்கு, 12 ஜிபி மெமரி உள்ள கார்டும் 32 ஜிபி ராமும் தாராளம். கார்டோட வேகத்தைவிட மெமரி முக்கியம். மெதுவான கார்டுன்னா காத்திருக்கலாம். ஆனா காட்சி மெமரிக்குள்ள அடங்கலைன்னா ரெண்டர் ஒண்ணு படுத்துடும், இல்லை நத்தையா நகரும். மெமரியைத் தின்கிறது சுவரும் கூரையும் இல்லை, கண்டதுக்கெல்லாம் போடற 8கே டெக்ஸ்சர்தான். சமையலறை மூலையில இருக்கற ஊறுகாய் ஜாடிக்கு 8கே எதுக்குங்க? 1கே போதும். 2019ல பிளெண்டர் 2.81ல இன்டெலோட டீநாய்ஸர் வந்ததுக்கப்புறம், சாம்பிளை ஆயிரக்கணக்குல ஏத்தி ராத்திரி முழுக்க மெஷினை ஓட்டற அவசியமும் குறைஞ்சு போச்சு. கார்டு பத்தி இவ்வளவு போதும்.

இப்ப வெளிச்சம். என் கருத்தை நேரடியாவே சொல்லிடறேன். விக்கப்போற வீட்டோட படத்துல இல்லாத வெளிச்சத்தைப் போடறது பொய். ரசனை, ஸ்டைல்னு அதுக்கு வேற பேர் வைக்காதீங்க.

எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் சென்னை புறநகர்ல ஃப்ளாட் வாங்கினார். விளம்பரப் படத்துல ஹால் தரையில தங்கக்கோடு மாதிரி வெயில் விழுந்துகிட்டு இருந்துச்சு. குடி போய்ப் பார்த்தா, அந்த ஜன்னலுக்கு எதிர்ல நாலஞ்சு அடியில பக்கத்துக் கட்டிடத்தோட சுவர். காலையில பதினோரு மணிக்கும் டியூப்லைட் போட்டாத்தான் பேப்பர் படிக்க முடியும். இருபது வருஷக் கடன். படம் போட்டவர் செஞ்சது ஒண்ணும் பெரிய மோசடி வேலை இல்லை. பக்கத்துக் கட்டிடத்தை மாடல் பண்ணாம விட்டுட்டார், அவ்வளவுதான். ஒரு சாம்பல் கலர் பெட்டி வச்சிருந்தாலே உண்மை தெரிஞ்சிருக்கும்.

பொய் நுழையற மத்த வழிகளையும் பார்த்துடலாம்.

சூரியன்: சென்னை இருக்கறது வடக்கே 13 டிகிரியில. டிசம்பர் மத்தியானம் சூரியன் தெற்கே சுமார் 53 டிகிரி உயரத்துல இருக்கும். ஏப்ரல் கடைசியிலயும் ஆகஸ்ட் நடுவுலயும் மத்தியானம் நேர் உச்சிக்கு வரும். நடுவுல இருக்கற மாசங்கள்ல மத்தியானச் சூரியன் உச்சிக்குக் கொஞ்சம் வடக்கே. அதாவது, மே மாசம் மத்தியானம் தெற்கு ஜன்னல் வழியா நேர் வெயில் உள்ள வராது. ஆனா நம்ம ஆளுங்க ஐரோப்பாவுல எடுத்த எச்.டி.ஆர்.ஐ. வானத்தை இறக்கி, அந்த ஊர் சாய்ஞ்ச வெயிலை வேளச்சேரி ஹால்ல விரிச்சிடறாங்க. பார்க்க அழகாத்தான் இருக்கு! சன் பொசிஷன்னு ஒரு இலவச ஆட்-ஆன் இருக்கு. அட்சரேகை, தீர்க்கரேகை, தேதி, நேரம் கொடுத்தா சூரியனை சரியான இடத்துல வச்சிடும். பிளான்ல வடக்கு எந்தப் பக்கம்னு பார்த்து அதையும் திருப்பி வைக்கணும்.

சுவர்: வெள்ளைச் சுவருக்கு பிரதிபலிப்பு 0.8 வைங்க, தாண்டாதீங்க. கணக்கு ரொம்ப சிம்பிள். வெளிச்சம் நாலு தடவை சுவர்ல பட்டுத் திரும்பினா 0.8ல மிஞ்சறது 41 சதவீதம். 0.95 வச்சா 81 சதவீதம். ஒரு லைட்கூடச் சேர்க்காம இருட்டு ரூமை ரெண்டு மடங்கு வெளிச்சமாக்கற வித்தை இது.

ஜன்னல்: நம்ம ஊர் ஜன்னல்ல கம்பி இருக்கும், கொசுவலை இருக்கும். ரெண்டும் வெளிச்சத்தைக் குறைக்கும். எந்த ரெண்டர்லயாவது கொசுவலை பார்த்திருக்கீங்களா?

பல்பு: பிளெண்டர்ல வாட்ஸ்ங்கறது கரண்ட் பில் வாட்ஸ் இல்லை, வெளிச்சமா வெளிய வர்ற சக்தி. 800 லூமென் எல்.இ.டி. பல்புக்கு சுமார் 2 வாட்ஸ் போதும். நூறுன்னு போட்டா அது பல்பு இல்லை, ஸ்டேடியம்.

எக்ஸ்போஷர்: உச்சி வெயில்ல வெளிய சுமார் ஒரு லட்சம் லக்ஸ் இருக்கும், ரூமுக்குள்ள சில நூறுதான். அதனால உள்புறக் காட்சிக்கு எக்ஸ்போஷரை ஏத்தறது நியாயமே. நம்ம கண்ணும் அதைத்தான் செய்யுது. ஆனா ஒரே வீட்டுல ஹாலுக்கு ஒண்ணு, பின் பெட்ரூமுக்கு ஒண்ணுன்னு மாத்தாதீங்க. எல்லா ரூமுக்கும் ஒரே அளவு வச்சுப் பாருங்க. எது இருட்டு ரூம்னு படமே சொல்லிடும்.

"கிளையண்ட் பளிச்னு கேக்கறாரே, சோறு வேணாமாண்ணே?"ன்னு கேப்பீங்க. வேணும்தான். ஆனா எந்த வீட்டுக்கும் ஒரு நல்ல நேரம் உண்டு. கிழக்கு பால்கனின்னா மார்ச் மாசக் காலை எட்டு மணி. அந்த நேரத்தைத் தேடிப் பிடிச்சு அதையே காட்டுங்க, தேதியும் நேரமும் படத்து மூலையில போடுங்க. அதுல பொய் இல்லை, அழகும் குறையாது.

பில்டருக்கும் இதுல லாபம் இருக்கு. 2016ல வந்த ரியல் எஸ்டேட் சட்டத்தோட 12வது பிரிவு, விளம்பரத்துலயோ மாடல் ஃப்ளாட்டுலயோ இருந்த தப்பான தகவலை நம்பிப் பணம் கட்டி நஷ்டப்பட்டவருக்கு இழப்பீடு தரணும்னு சொல்லுது. படமும் விளம்பரத்துல ஒரு பாகம்தானே?

எல்லாத்தையும்விட முக்கியமான ஒண்ணு. ரூம் இருட்டுன்னு ரெண்டர்ல தெரிஞ்சா, ஜன்னலை நகர்த்த ரெண்டு கிளிக் போதும். கட்டினப்புறம் தெரிஞ்சா சுவரை இடிக்கணும். ஃப்ளாட்டா இருந்தா அதுவும் முடியாது. இருட்டை முன்கூட்டியே காட்டறதுதான் ரெண்டரோட உண்மையான பலன். லைட்டை ஏத்தி அதை மறைக்கறதுக்கு எவ்வளவு பெரிய கார்டு வாங்கியும் பிரயோஜனம் இல்லை.

வீடு வாங்கப் போறவங்க விளம்பரப் படத்தைப் பார்த்ததும் மூணு கேள்வி கேளுங்க. இது எந்த மாசம், எத்தனை மணி வெயில்? ஜன்னல் எந்தத் திசை? பக்கத்துக் கட்டிடம் எங்க போச்சு? மூணாவது கேள்விக்கு பதில் வரலைன்னா, அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடி பகல் பதினோரு மணிக்கு அந்த இடத்துக்கே ஒரு நடை போய்ப் பார்த்துட்டு வந்துடுங்க.