கானமயிலுக்குக் கமிட்டி, கடல் அட்டைக்குக் கைதா?

ராஜஸ்தான் கானமயிலும் மன்னார் வளைகுடா கடல் அட்டையும் ஒரே லிஸ்ட்டில் இருக்கின்றன, தெரியுமா? வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணை. புலிக்கும் அதுதான். கடல் அட்டை 2001-ல் சேர்ந்தது. பிடித்தால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை.

கானமயில் 150-க்கும் குறைவாகவே மிச்சம். மின்கம்பியில் மோதிச் சாகிறது. கம்பிகளை மண்ணுக்கடியில் பதிக்கச் சொன்னது உச்ச நீதிமன்றம், 2021-ல். சூரிய மின்சாரமும் வேணுமே என்று 2024-ல் அதைத் தளர்த்தி, நிபுணர் குழு அமைத்தது.

கடல் அட்டை? மணலை விழுங்கி, அதிலுள்ள மக்கிய கழிவைத் தின்று, மணலைச் சுத்தமாக வெளியே தள்ளும் கடலடித் துப்புரவாளர். சீனாவில் விலை அதிகம், அதனால்தான் கடத்தல். ஆனால் மீனுக்குப் போட்ட வலையில் தானாகச் சிக்கினாலும் ராமநாதபுரம் மீனவருக்குக் கேஸ் பயம். எதிர்க்கரை யாழ்ப்பாணத்திலோ பண்ணை வைத்து வளர்க்கிறார்கள்.

தடையைத் தூக்குங்க என்று சொல்லவில்லை. அட்டையும் அழியக் கூடாது. மின் திட்டத்துக்காக ஒரு குழு உட்கார முடியும் என்றால், மீனவருக்காகவும் உட்காரலாமே! கடலில் எவ்வளவு மிச்சம், வளர்ப்புக்கு அனுமதிக்கலாமா என்று ஆராய்ந்து சொல்லட்டும். ஒரே சட்டம்தானே?