பொம்மைக் காரும் நமது பொறுப்பும்



கடை வாசலில் அட்டையோடு தொங்கும் சிறு பொம்மைக் கார் நம் கணக்கில் பெரிதாக வராத சரக்கு. தருமபுரியிலிருந்து வத்தல்மலைக் கடைகளுக்கு அரிசி, பருப்பு, எண்ணெய் அனுப்பும்போது அதோடு இரண்டு அட்டை பொம்மைகளையும் போட்டு அனுப்புகிறோம். அதை வாங்குகிறவர்கள் குழந்தைகள் மட்டுமே என்று நாம் நினைத்தால் அது சரியல்ல.

மேசைமேல் ஆடும் போர் விளையாட்டுக்காக இத்தகைய கார்களைப் பெரியவர்களும் வாங்குகிறார்கள். 2017ல் இங்கிலாந்தின் ஆஸ்பிரே பதிப்பகம் வெளியிட்ட, மைக் ஹட்சின்சன் எழுதிய 'காஸ்லேண்ட்ஸ்' என்ற விதிப்புத்தகம் இதைப் பல நாடுகளில் பரப்பியது. ஹாட் வீல்ஸ், மேட்ச்பாக்ஸ் போன்ற, அசலில் ஏறக்குறைய 64ல் ஒரு பங்கு அளவுள்ள கார்களே இதற்குப் போதும். துப்பாக்கியும் கவசமும் பொருத்திய கார்களைப் பகடை உருட்டி ஓட்டுகிறார்கள். நம் தமிழ்நாட்டிலும் பொம்மைப் பேருந்துக்கு வண்ணம் மாற்றி, நம் ஊர்ப் பேருந்து போலவே ஆக்கி மகிழும் இளைஞர்கள் உண்டு.

செய்முறை எளிது. காரின் அடியிலுள்ள ரிவெட்டைத் துளையிட்டு உடலைப் பிரிக்கிறார்கள். சோப்பு நீரில் கழுவி, பிரைமர் அடித்து, புதிய வண்ணம் பூசுகிறார்கள். ஜன்னலுக்குக் கம்பி வலை, துப்பாக்கிக் குழலுக்குப் பேனா ரீஃபில், இடைவெளி அடைக்க எம்-சீல். துருப்பிடித்த தோற்றத்துக்குப் பழுப்பு வண்ணத்தை ஸ்பாஞ்சால் ஒற்றுகிறார்கள். இவற்றில் பெரும்பாலானவை நம் மளிகைக் கடைகளிலும் பக்கத்து ஹார்டுவேர் கடையிலும் கிடைப்பவைதாம். ஒரு காரால் ஐந்தாறு சரக்கு நகருமானால் அதை விடலாமா?

ஆனால் இங்கே ஓர் எல்லையை நாம் மறக்கக் கூடாது. 14 வயதுக்குட்பட்டோர் விளையாடும் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம் என்னும் தரக்கட்டுப்பாட்டு ஆணை 2020ல் பிறப்பிக்கப்பட்டு, 1-1-2021 முதல் நடைமுறைக்கு வந்தது. முத்திரையில்லாத பொம்மையைத் தயாரிப்பவர் மட்டுமல்ல, விற்பவரும் குற்றவாளியே. 2023 ஜனவரியில் பெரிய விற்பனை நிலையங்களிலேயே 18 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொம்மைகளைத் தர நிர்ணய அமைவனம் கைப்பற்றியது நினைவிருக்கலாம்.

முத்திரை பெற்ற காரையும் ஒருவர் பிரித்து, வேறு வண்ணம் பூசி, கூரிய கம்பி பொருத்திவிட்டால் அந்த முத்திரைக்கு அர்த்தமில்லை. பூசிய வண்ணத்தில் ஈயம் உண்டா, வாயில் வைக்கும் குழந்தைக்கு ஆகுமா என்பதை யாரும் சோதித்திருக்க மாட்டார்கள். பெரியவர் தமக்காகச் செய்து கொள்வது வேறு. அதை வாங்கி நாம் மிட்டாய் பாட்டிலுக்குப் பக்கத்தில் தொங்கவிடுவது வேறு.

"மலைமேல் யார் வந்து சோதிக்கப் போகிறார்கள்?" என்று சிலர் கேட்கிறார்கள். சோதனைக்கு வருபவர் முதலில் பிடிப்பது சில்லறைக் கடைக்காரரைத்தான். மொத்த வியாபாரியான நாம் பில் இல்லாமல் அனுப்பிய சரக்குக்கு, வத்தல்மலைச் சிறு வியாபாரி தண்டம் கட்டுவது நியாயமா? அங்குள்ள குழந்தையின் உடம்பு நகரத்துக் குழந்தையின் உடம்பைவிடக் குறைந்ததா?

ஆகவே, முத்திரையுள்ள பொம்மையை மட்டுமே வாங்குவோம், பில்லோடு அனுப்புவோம். கலையாகச் செய்யும் இளைஞர்களுக்கு மூலப்பொருளைத் தாராளமாக விற்போம். அவர்கள் மாற்றியமைத்த காரைக் குழந்தைகளுக்கான பொம்மையாக விற்க மாட்டோம். லாபம் சிறிதானாலும் நாணயம் பெரிது.